கன்னிக்காலைக் கிண்டிய வளைக்கரடி

1

இன்று காலை பின்வளவில் இருந்த பொந்தை அடைத்தேன். முதலில் கல், கல்லுக்கு மேல் இரும்பு வலை, வலைக்கு மேல் மண். மண்ணை மிதித்து இறுக்கும்போது காறித் துப்பவேண்டும் போல இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பியோர்க் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

பியோர்க் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை. ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகெட்டோவில் இந்த வரிசைவீட்டை நாங்கள் வாங்கிய நாள் முதல் அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி ஒன்று நிற்கிறது. மழை பெய்தால் "மழை" என்பாள். வெயில் எறித்தால் "வெயில்" என்பாள். அதற்கு மேல் கதை கிடையாது. என் பெயர் குணநாயகம். அது அவள் வாயில் வராது. குன்னார் என்று ஒரு நோர்வேக்காரப் பெயரை எனக்குச் சூட்டிவிட்டாள்.

"இனி அது எங்கே போகும், குன்னார்?" என்று கேட்டாள்.

"எங்கையாவது போய்த் துலையட்டும்" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, நோர்வே மொழியில் "தெரியாது" என்றேன்.

ஊரில் இருந்து அழைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "உங்களுக்கென்ன, காடும் குளமும் சுத்தமான காத்தும்!" சுத்தமான காற்று! சித்திரை தொடக்கம் என் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே வீசிய காற்றை ஒரு போத்தலில் அடைத்து அனுப்ப வழியிருந்தால் அனுப்பியிருப்பேன். மூடியைத் திறந்து ஒருதரம் மணந்துவிட்டுச் சொல்லுங்கள், எனக்கு என்னவென்று.

2

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி சிவமலர்தான். பனி உருகி முடிந்த கிழமை. விடியற்காலை என்னைத் தட்டி எழுப்பினாள்.

"இஞ்சேருங்கோ, நிலத்துக்குக் கீழை ஆரோ குறட்டை விடுகினம்."

காதை நிலத்தில் வைத்தேன். குறட்டைதான். நடுவில் ஒரு உறுமல், பிறகு எதையோ பிறாண்டும் சத்தம். வெளியே போய்ப் பார்த்தால், பின்விறாந்தையின் பலகைக்குக் கீழே ஒரு பொந்து. பக்கத்தில் கூடைக்கணக்கில் மண். சிவமலர் நட்டிருந்த பூமரங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குழி தோண்டி, அதற்குள் கக்கூசுக்கு இருந்துவிட்டு, மூடாமலே போயிருந்தது. எங்கள் வீட்டுப் பூனை இருந்த காலத்தில் அதுகூட மூடிவிட்டுத்தான் வரும். சீ! அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று பின்னேரமே ஆளைக் கண்டேன். கட்டைக் கால், கொழுத்த உடம்பு, கரடிக்குட்டியின் நடை. முகத்தில் மட்டும் வெள்ளையும் கறுப்புமாக நெடுக்குக் கோடு, நாமம் போட்டது போல. நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் திருநீறு பூசுகிற ஆட்கள். வந்ததுதான் வந்தது, இப்படி ஒன்றா வரவேண்டும்? தமிழில் இதற்கு வளைக்கரடி என்று பெயராம். பிறகு ஒரு நண்பர் சொல்லித்தான் தெரியும்.

நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, காத்திரு, நீ வரிசையில் இருக்கிறாய். கடைசியில் ஒரு பெண்பிள்ளை வந்தாள். எனக்கு இந்த மிருகத்தின் நோர்வேப் பெயர் தெரியாது. எத்தனையோ வருடமாக ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். மீனுக்கும் கிழங்குக்கும் பெயர் தெரியும், வளைக்கரடியைப் பற்றி அங்கே யாருக்கும் கதைக்கத் தேவை வரவில்லை. ஆகவே, "வீட்டுக்குக் கீழே சின்னக் கரடி ஒன்று படுத்திருக்கிறது" என்றேன்.

அப்படியொரு வேகத்தை நோர்வே அலுவலகத்தில் நான் கண்டதேயில்லை. பெண்பிள்ளை மறைந்து ஒரு ஆண் வந்தார். கதவைப் பூட்டுங்கள், பிள்ளைகளை உள்ளே எடுங்கள், எந்த நிறம், தனியாகவா? சோபாவில் கணினியோடு இருந்த மகள் ஆரணி பாய்ந்து வந்து தொலைபேசியைப் பறித்தாள். ஒரு சொல்தான் சொன்னாள்: "கிரெவ்லிங்." மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. அவளும் சிரித்தாள். இருவரும் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

"என்னவாம்?" என்றேன்.

"குட்டி போட்டிருக்குமாம் அப்பா. இப்ப அது ஃபிரேடெத். சட்டப்படி பாதுகாப்பு. கோடை முடியுமட்டும் பொந்தை அடைக்கேலாது, கலைக்கேலாது, ஒண்டும் செய்யேலாது."

"அப்ப என்ரை வீடு?"

"குப்பையை வெளியிலை வைக்கவேண்டாமெண்டு சொன்னவை."

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என்னை எத்தனை பேர் எத்தனை தரம் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள்! எந்த வழியால் வந்தாய், ஏன் வந்தாய், போன தரம் வேறு மாதிரிச் சொன்னாயே. இந்தச் சனியனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்தது, தோண்டியது, பெற்றது. அன்றைக்கே அனுமதி கிடைத்துவிட்டது.

3

எனக்கு ஏன் அப்படி அவசரம் என்று கேட்பீர்கள். ஆரணிக்கு ஆனி மாதம் கலியாணம் நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளை ஒஸ்லோவிலேயே, குரோருட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைதான். இருவரும் சேர்ந்து நகரமண்டபத்தில் கையெழுத்து வைத்துவிட்டு நண்பர்களோடு சாப்பிடப்போவதாகத் திட்டம் போட்டிருந்தார்கள். ஒரு கிழமை வீட்டில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் அவள் இறங்கி வந்தாள். கோயிலில் தாலி கட்டலாம், ஆட்கள் குறைவாக இருக்கவேண்டும், மற்றச் சடங்குகளில் ஒன்றே ஒன்று அப்பா கேட்கலாம் என்றாள். ஒன்றே ஒன்று! சின்ன வயதில் கடையில் இனிப்பு வாங்கிக் கொடுக்கும்போது நான் அவளுக்குச் சொன்ன கணக்கு அது.

நான் கன்னிக்கால் கேட்டேன். தாலிக்குப் பொன்னுருக்குகிற அன்று, வளவின் ஈசான மூலையில் முருக்கந் தடியை நட்டு, மாவிலை கட்டி, குழிக்குள் நவதானியம் போட்டு, சுமங்கலிகள் பால் ஊற்றுவார்களே, அதுதான். ஒஸ்லோவில் எல்லோரும் அதை வாளியில்தான் வைக்கிறார்கள். மாடிவீட்டுக்காரன் வேறு என்ன செய்வான்? எனக்கு நிலம் இருக்கிறது. கையகலம்தான், ஆனால் என் நிலம். வாளி வேண்டாம், மண்ணில் நடவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அந்த மூலையிலிருந்து பார்த்தால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அந்தப் பொந்து இருந்தது. நல்ல காரியம் நடக்கப்போகிற இடத்தில் கக்கூசு நாற்றம்.

கனடாவில் வடக்கே ஒரு சின்ன ஊரில் சிவமலரின் தம்பி இருக்கிறான். அங்கே கறுப்புக் கரடி வீட்டு வாசலுக்கே வரும். அவனிடம் யோசனை கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், உது கரடியே? உது பூனை. எங்கடை வளவுக்கை வாறது காரின்ரை கதவைத் திறந்து சீற்றைக் கிழிக்கும்."

"சிரிக்காமல் வழியைச் சொல்லு."

"குப்பைதான் அத்தான் எல்லாம். லொறி வாற காலமைதான் நாங்கள் வாளியை வெளியிலை வைக்கிறது. குருவிக்குத் தானியம் போடுறேல்லை. இறைச்சி சுடுற அடுப்பை உடனை கழுவிப்போடுவம். கரடி கெட்டதில்லை. ஒருக்கா எங்கடை சாப்பாட்டை ருசி பாத்திட்டுதெண்டால் திருப்பித் திருப்பி வரும். பிறகு அதைச் சுட வேண்டியதுதான்."

அவன் சொன்னதெல்லாம் செய்தேன். குப்பைத்தொட்டி மூடியைக் கயிற்றால் கட்டினேன். கறிச்சட்டி கழுவிய தண்ணீரைக்கூட வெளியே ஊற்ற விடவில்லை. அமோனியாவில் துணியை நனைத்து விறாந்தைக்குக் கீழே திணித்தேன். நாற்றத்துக்கு மேல் நாற்றம். எங்களுக்குத்தான் கண் எரிந்தது. மனிதக் குரல் கேட்டால் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள், ஒரு வானொலியைப் பலகைக்கு அடியில் வைத்துத் தமிழ் நிகழ்ச்சியைப் போட்டேன். அரசியல் கலந்துரையாடல், மரண அறிவித்தல், பழைய பாட்டு என்று எல்லாவற்றையும் படுத்துக்கொண்டு கேட்டது. போகவில்லை. பியோர்க்தான் வந்து, சத்தம் அதிகம் என்று முறையிட்டாள்.

அந்தப் பியோர்க் என்ன செய்தாள் தெரியுமா? பின்னேரமானால் வேலியோரம் ஒரு தட்டில் பூனைச் சாப்பாடு வைத்தாள். பூப்போட்ட பீங்கான் தட்டு! இத்தனை வருடத்தில் எங்களை ஒரு கோப்பிக்கு உள்ளே கூப்பிடாத மனுசி. அதற்கு ஒல்கா என்று பெயரும் வைத்தாள். என் பெயர் வாயில் வராது, ஒல்கா மட்டும் தேனாய் வந்தது.

ஆரணியும் அவளோடு சேர்ந்துவிட்டாள். வேலை முடிந்து வந்தால் அம்மாவிடம் தன் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு நேரே பின்கதவுக்குப் போவாள். "ஒல்கா வந்ததோ அப்பா?" அதுவரை எங்களுக்குள் "ஓம்", "இல்லை", "சாப்பிட்டியோ" தவிர வேறு கதை இருக்கவில்லை. ஒல்காவின் புண்ணியத்தில் நாளும் பொழுதும் சண்டை.

"உங்களுக்கு என்ன கோபம்? நீங்களும் வந்த காலத்திலை ஆரின்ரையோ வீட்டு நிலவறையிலைதானே இருந்தனீங்கள்" என்றாள் ஒருநாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "பிள்ளை, நான் வாடகை குடுத்து இருந்தனான். ஆரின்ரையும் பூமரத்துக்கை இருந்துபோட்டு மூடாமல் போகேல்லை. என்னைக் கொண்டுபோய் உதோடை சேர்க்காதை!"

சிவமலர் உள்ளே இருந்து சிரித்தாள். அவள் வன்னிக்காரி. வளைக்கரடியெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அவளுடைய ஊரில் உண்மையான கரடி, கன்னங்கரேலென்று, பாலைப்பழக் காலத்தில் காட்டோரம் வரை வரும்.

"அந்த மாசத்திலை நாங்கள் பாலை மரத்தடிக்குப் போறேல்லை. போக வேண்டி வந்தால் ஐயா பெரிசாப் பாட்டுப் படிச்சுக்கொண்டு போவார். எங்களுக்குக் கரடியிலை பயமில்லை, அது திடுக்கிட்டால்தான் பயம். விடுங்கோப்பா, அதுவும் பிள்ளை பெத்ததுதானே."

வீட்டில் மூன்று பேர், அதில் இரண்டு பேர் ஒல்கா கட்சி.

4

வாளியில் எனக்கு ஏன் அப்படி ஒரு வெறுப்பு என்று அதுவரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

என் அக்காவின் கலியாணம் இடம்பெயர்ந்திருந்தபோது ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வகுப்பறைக்கு ஏழெட்டுக் குடும்பம். எங்கள் வீடு ஆமி பிடித்த பக்கம் போய்விட்டது. கன்னிக்கால் நடுவதற்குப் பள்ளிக்கூட அதிபர் முற்றத்தைக் கிண்ட விடவில்லை, பிழை சொல்லவும் முடியாது, எல்லோரும் கிண்டினால் முற்றம் என்ன ஆகும்? யாரோ ஒரு எண்ணெய் வாளியைக் கொண்டுவந்தார்கள். கழுவக் கழுவ மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. அதற்குள் மண்ணைப் போட்டு, தடியை நட்டு, பாலை ஊற்றினார்கள். பால் மண்ணெண்ணெயோடு நுரைத்து மேலே வந்தது. பால் ஊற்ற வரிசையில் நின்ற சனம் மூக்கைப் பொத்தியது. எங்களைப் பெற்ற ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் வாளியில் கன்னிக்காலைக் கண்டால் எனக்கு அந்த மணம் அடிக்கிறது.

பொன்னுருக்கு அன்று நான் விடிய எழும்பி மூலையைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, என் கையால் குழி தோண்டினேன். முருக்கந் தடி, புருசெத் பகுதியில் ஒருவர் சன்னலோரத் தொட்டியில் வளர்ப்பது. ஒஸ்லோவில் நடக்கும் அரைவாசிக் கலியாணங்களுக்கு அதுதான் கிளை கொடுக்கிறது. பெண்கள் வந்தார்கள். நெல்லு, பயறு, எள்ளு, உழுந்து எல்லாம் குழிக்குள் போனது. பால் போனது. தேன் விடவேண்டும் என்று ஒருவர் சொன்னார், தேனும் போனது. வாழைப்பழத்தையும் சக்கரைப் பொங்கலையும் இலையோடு தடியின் அடியில் வைத்தோம். ஆரணி சேலை கட்டி, வாயை மூடிக்கொண்டு, சொன்னதெல்லாம் செய்தாள். என் மண்ணில் தடி நேராக நின்றது. அந்தப் பின்னேரம் எனக்கு ஒல்காவின் நாற்றம்கூட அடிக்கவில்லை.

கறிச்சட்டித் தண்ணீரையே வெளியே விடாமல் இரண்டு மாதம் காவல் காத்த மடையன், அன்றைக்குத் தேனும் பாலும் பழமும் பொங்கலும் பொந்துக்கு நேரே படைத்துவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

5

காலையில் சிவமலர் போட்ட சத்தத்தில் ஓடிப்போனேன்.

தடி விழுந்து கிடந்தது. குழி இரண்டு மடங்காகக் கிண்டப்பட்டிருந்தது. மஞ்சள் துணி சேற்றில். இலையைக் காணவில்லை. தானியம் வளவு முழுக்கச் சிதறி, வேலிவரை போயிருந்தது. பொங்கலை நக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, தின்ற கையோடு, மற்றக் காரியத்தையும் முடித்துவிட்டுப் போயிருந்தது. கோதாரியில் போனது! கன்னிக்கால் நின்ற இடத்தில்!

"ஐயோ, சகுனம் இப்பிடிக் கிடக்கே" என்று சிவமலர் நிலத்திலேயே அமர்ந்துவிட்டாள். கரடிக்குப் பாட்டுப் படித்த தகப்பனின் மகள், இதற்குக் கலங்கிவிட்டாள். பொன் உருக்கியாயிற்று, இனிக் கலியாண நாளை மாற்ற முடியாது. மத்தியானம் சம்பந்தியம்மா குரோருட்டிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள்.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பொந்துக்குப் போனேன். என்ன செய்யப்போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. உள்ளே குட்டிகள் கீச்சுக் கீச்சென்றன. அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. பின்னால் ஆரணி வந்து நின்றாள். வளவைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு என் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டாள்.

"அப்பா, மண்வெட்டியைத் தாங்கோ. வாளி ஒண்டு கொண்டுவாறன்."

"வாளி வேண்டாம்!"

நான் போட்ட சத்தத்தில் பியோர்க்கின் சன்னல் திறந்தது. ஆரணி பயப்படவில்லை. "ஏன் அப்பா? வாளியிலை என்ன?" என்று கேட்டாள். கெஞ்சவுமில்லை, நக்கலுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அப்படியே விறாந்தைப் படியில் குந்தியிருந்து சொன்னேன். பள்ளிக்கூடம், எண்ணெய் வாளி, நுரைத்த பால், மூக்கைப் பொத்திய சனம், சுவரைப் பார்த்த ஐயா. எல்லாவற்றையும் சேற்றுக் காலோடு சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்து கேட்டாள். கையில் தொலைபேசி இல்லை.

"மாமியின்ரை கலியாணமோ? அவையள் நல்லாத்தானே இருக்கினம்?"

"ஓம். முப்பது வருசமாச் சண்டை பிடிச்சுக்கொண்டு நல்லாத்தான் இருக்கினம்."

"அப்ப வாளி பிழையில்லை."

அவள் உள்ளே போய்ப் புது வாளியைக் கொண்டுவந்தாள். மணந்து பாருங்கோ என்று என் மூக்கடியில் நீட்டினாள். பிளாஸ்ரிக் மணம் மட்டும்தான். இருவரும் சேர்ந்து மண் அள்ளினோம். சேற்றில் கிடந்த பயறை அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவினாள். சிவமலர் எழும்பி வந்து மறுபடி பால் ஊற்றினாள். தடி வீட்டுக்குள் விறாந்தைக் கதவடியில், கொஞ்சம் சரிந்து நின்றது.

சம்பந்தியம்மா வந்தாள். வாளியைப் பார்த்தாள்.

"நல்ல வேலை அண்ணை, உள்ளை வச்சது. எங்கடை வீட்டிலையும் வாளிதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டாள். அவ்வளவுதான். இதற்காகவா நான் இரண்டு மாதம் அமோனியா மணந்தேன்?

6

கலியாணம் நடந்தது. குறையில்லை. ஆடி பிறக்கமுன் ஆரணியும் மாப்பிள்ளையும் வேலைக்காக வடக்கே துரொன்ஹைம் போய்விட்டார்கள். சிதறிய பயறு பியோர்க்கின் வளவுக்குள்தான் நன்றாக முளைத்தது. அது எந்தப் புல்லு என்று வேலிக்கு மேலால் கேட்டாள். சிவமலர் ஒரு தட்டில் பயற்றங்கறியை எட்டிக் கொடுத்தாள். தட்டு இன்னும் திரும்பி வரவில்லை.

கோடை முடிய ஒல்காவும் குட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எப்போது போனதென்று தெரியாது. ஒருநாள் குறட்டை நின்றுவிட்டது. ஒரு கிழமை பொந்து வாயில் மாவைத் தூவிப் பார்த்தேன், கால்தடம் இல்லை. சட்டமும் அனுமதித்தது. இன்று அடைத்தேன். வளவு சுத்தம், மணமில்லை, நிலத்துக்குக் கீழே சத்தமில்லை. மேல்மாடியில் ஆரணியின் அறையிலும் சத்தமில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, சனியன்!

பின்னேரம் அவள் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அழைப்பாள். "எப்பிடி அப்பா?" என்பாள், "சுகம்" என்பேன், "சாப்பிட்டியோ" என்பேன், "ஓம்" என்பாள். அதோடு கதை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவள் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இன்றைக்கும் கேட்டாள்.

"ஒல்கா எப்பிடி அப்பா? இருக்குதோ?"

சன்னலால் பார்த்தேன். மிதித்து இறுக்கிய மண், அதன்மேல் என் சப்பாத்தின் அடையாளம். சிவமலர் தேத்தண்ணியோடு நின்று என் வாயைப் பார்த்தாள்.

"அதுக்கென்ன கேடு?" என்றேன். "இருக்குது. நாசமாப் போனது, நேற்றும் வந்து பூமரத்துக்கை இருந்துபோட்டுப் போயிருக்கு. நாத்தம் தாங்கேலாது பிள்ளை."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். "பாவம் அப்பா, விடுங்கோ. பொறுங்கோ, என்ன செய்ததெண்டு முழுக்கச் சொல்லுங்கோ" என்று, கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தாள். அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.